'ஆர்' (R) புள்ளியியல் மென்பொருள்: நாலு வருஷம் சர்வே டேட்டாவோட மல்லுக்கட்டின பிறகு ஒரு ரிவ்யூ

போன மாசம் ஒரு பிஜி ஸ்டூடண்ட் தீசிஸ் டேபிளைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடி உட்கார்ந்தாங்க. தலைப்பு தமிழ்நாட்டுல சிசேரியன் பிரசவம், டேட்டா என்எஃப்எச்எஸ்-5, அதாவது 2019-21ல நடந்த தேசியக் குடும்ப நல சர்வே. டேபிள்ல முதல் வரி தனியார் ஆஸ்பத்திரி, ஆட்ஸ் ரேஷியோ 3.1, பி வேல்யூ 0.001க்குக் கீழ, அதாவது உண்மையில வித்தியாசமே இல்லேன்னா இவ்வளவு பெருசா வர வாய்ப்பு ஆயிரத்துல ஒண்ணுக்கும் கம்மி. அதுக்குக் கீழ, தனியார்ல பிரசவம் பார்த்தா சிசேரியன் ஆகுற வாய்ப்பு மூணு மடங்குன்னு ஒரு வாக்கியம். "மேடம், சாஃப்ட்வேர் இப்படித்தான் குடுத்துச்சு"ன்னாங்க. சாஃப்ட்வேர் குடுத்த நம்பர் சரி, அதுக்கு எழுதின வாக்கியம்தான் தப்பு.

பேப்பர்லயே கணக்கு போட்டுக் காட்டினேன். அந்த சர்வேயோட தமிழ்நாட்டு ஃபேக்ட்ஷீட்ல, அதாவது சுருக்க அறிக்கையில, தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவத்துல சிசேரியன் 63.8 சதவீதம், அரசு ஆஸ்பத்திரியில 36 சதவீதம். 63.8ஐ 36ஆல வகுத்தா 1.77. நாம வீட்டுல பேசுற பாஷையில "எத்தனை மடங்கு"ன்னா அது இதுதான், ரெண்டு மடங்கு கூட இல்ல. ஆட்ஸ்ங்கறது வேற. சிசேரியன் ஆனவங்களை ஆகாதவங்களால வகுக்கணும், தனியார்ல 63.8க்கு 36.2, அது 1.76, அரசுல 36க்கு 64, அது 0.56, இந்த ரெண்டையும் வகுத்தா 3.1 வந்து நிக்குது. ஆயிரத்துல ரெண்டு பேருக்கு வர்ற நோய்னா ஆட்ஸ் ரேஷியோவும் ரிஸ்க் ரேஷியோவும் (முதல்ல போட்ட 'எத்தனை மடங்கு' கணக்கு) கிட்டத்தட்ட ஒண்ணுதான், யாரும் கவலைப்பட வேணாம். ஆனா அதே ஃபேக்ட்ஷீட்படி தமிழ்நாட்டுல மொத்தப் பிரசவத்துல 44.9 சதவீதம் சிசேரியன். இவ்வளவு சாதாரணமா நடக்குற விஷயத்துக்கு ஆட்ஸ் ரேஷியோவை வாய்ப்புன்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு நிலைமை ரொம்பப் பெருசாத் தெரியும், நாளைக்கு பேப்பர்காரங்க தலைப்புலயும் அதுதான் வரும்.

அன்னிக்கு அந்த டேபிளைச் சரி பண்ண 'ஆர்'ல ஒரே ஒரு வார்த்தையத்தான் மாத்தினோம். மாடல் எந்த வகைன்னு சொல்ற இடத்துல குவாசிபைனோமியல்னு இருந்துச்சு, அது ஆட்ஸ் ரேஷியோ குடுக்கும், அதுக்குப் பதிலா குவாசிபாய்சான், லிங்க் லாக், அவ்வளவுதான். ரன் பண்ணா ரேஷியோ நேரா கையால போட்ட கணக்குக்கே வந்து நின்னுச்சு. ஆமா-இல்ல விடைக்கு பாய்சான் மாடல் போட்டு ஸ்டாண்டர்ட் எரரை (மதிப்பீடு எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்கற அளவு) மட்டும் ரோபஸ்ட்டா, அதாவது மாடல் வகை சரியாப் பொருந்தலைன்னாலும் தாங்கற மாதிரி, எடுத்துக்கற இந்த வழிய 2004ல சோ (Zou)ங்கற ஆராய்ச்சியாளர் எழுதின பேப்பர்ல இருந்துதான் நிறைய பேர் எடுத்தாங்க. நான் இந்த மென்பொருளை விடாம வச்சிருக்கறதுக்கு இந்த மாதிரி நாட்கள்தான் காரணம், அதனால இதுக்கு ஒரு ஒழுங்கான ரிவ்யூ எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். ஒரு மெடிக்கல் காலேஜ்ல சமூக மருத்துவத்துறையில புள்ளியியல் பார்க்கிற ஆள் நான், தினம் ரெண்டு தீசிஸாவது கைக்கு வரும், அந்த இடத்துல இருந்து எழுதறேன்னு வச்சுக்கோங்க.

தெரியாதவங்களுக்காக, 'ஆர்' நியூசிலாந்துல ஆக்லாந்து யுனிவர்சிட்டியில ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேர் 90கள்ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த 'எஸ்' மொழிய அடிப்படையா வச்சு. 1.0.0 வெர்ஷன் வந்தது 2000 பிப்ரவரி 29ல. முழுக்க இலவசம், ட்ரையல் முடிஞ்சு போச்சுன்னு எந்தப் பெட்டியும் வந்து நிக்காது. நான் முன்னாடி இருந்த ஒரு காலேஜ்ல லைசென்ஸ் சாஃப்ட்வேர் டிபார்ட்மெண்ட்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கும், தீசிஸ் சீசன்ல அதுக்கு வரிசை நிப்பாங்க, ராத்திரி எட்டு மணிக்கு ரூமைப் பூட்டிட்டா அன்னிக்கு அனாலிசிஸ் அவ்வளவுதான். இப்ப ஹாஸ்டல் ரூம்ல பழைய லேப்டாப்ல புள்ளைங்க அதே வேலைய உட்கார்ந்து பண்றாங்க. எனக்கு இது பெரிய விஷயம், சாதாரணமா சொல்லிட்டுப் போக முடியல.

ஆனா முதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும், அதை மறைக்கல. மெனுவே கிடையாது, காலியா ஒரு ஸ்க்ரீன், நீங்க டைப் பண்ணணும். 'ஆர்'ல எழுதறதுக்கான ஆர்ஸ்டூடியோங்கற இன்னொரு மென்பொருளைப் போட்டுக்கிட்டா கொஞ்சம் கண்ணுக்கு நல்லா இருக்கும், அப்பவும் கோடு (code), அதாவது கட்டளை, எழுதித்தான் ஆகணும். ஒரு கமா விட்டா எரர், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினா எரர். அப்புறம் இது டேட்டா மொத்தத்தையும் மெமரியில ஏத்திக்கிட்டுத்தான் வேலை பார்க்கும், என்எஃப்எச்எஸ்-5ல பெண்கள் ஃபைல்னா 7,24,115 பேர், ஆயிரக்கணக்குல காலம் (column, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தி), 8 ஜிபி ரேம் வச்சுக்கிட்டு அப்படியே திறந்தீங்கன்னா லேப்டாப் மூச்சுத் திணறும். ஹேவன்னு ஒரு பேக்கேஜ், அதாவது 'ஆர்'ல சேர்த்துக்கற கூடுதல் கருவி, அதுல ஃபைலைப் படிக்கும்போதே எந்தெந்த காலம் வேணும்னு சொல்லிடலாம், காலம் செலக்ட்னு ஒரு ஆப்ஷன். எனக்கு வேண்டிய இருபது காலத்தை மட்டும் எடுத்தா டீ ஆறுறதுக்குள்ள வந்துடுது. இதை யாராவது முதல் நாளே சொல்லிக் குடுத்திருந்தா எனக்கு ஒரு மாசம் மிச்சம்.

இன்னொண்ணு, டேட்டாவுல மாநிலத்துக்கு வி024ன்னு காலம், என்எஃப்எச்எஸ்-5ல தமிழ்நாடு 33, சென்சஸ் நம்பர் அது. அதுக்கு முந்தின ரவுண்டுல மாநிலங்களை அகரவரிசையில நம்பர் போட்டிருந்தாங்க. பழைய கோடை காப்பி பண்ணி புது டேட்டாவுல ஓட்டினா வேற மாநிலம் வந்து நிக்கும், 'ஆர்' ஒரு வார்த்தை சொல்லாது. அதே மாதிரி தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு தேடாதீங்க, கிடைக்காது, மயிலாடுதுறையும் கிடையாது. சர்வே 2017 மார்ச் நிலவரப்படி இருந்த மாவட்டங்களை வச்சு எடுத்தது, நமக்கு அப்ப 32 மாவட்டம், தென்காசி ஜனங்க எல்லாம் திருநெல்வேலி கணக்குலதான் இருக்காங்க.

வசதி அளவு வி190, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பரா இருக்கும். அதை ஃபேக்டர், அதாவது தனித்தனி வகைன்னு சொல்லாம அப்படியே மாடல்ல போட்டா 'ஆர்' அதை வயசு மாதிரி ஒரு அளவுன்னு எடுத்துக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு ஏத்தம்னு நேர்கோடு போட்டுடும். ரொம்ப ஏழை வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் இருக்கிற வித்தியாசமும், பணக்கார வீட்டுக்கும் ரொம்பப் பணக்கார வீட்டுக்கும் இருக்கிற வித்தியாசமும் ஒண்ணுன்னு நீங்க நினைச்சாத்தான் அது சரி. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு மெனு சாஃப்ட்வேர் கேட்காமலே விட்டுடும், இங்க எழுதிக் குடுத்தே ஆகணும். எனக்கு இதுல பிடிச்சதே அதுதான்.

இப்ப 'சர்வே'ங்கற பேர்லயே இருக்கிற பேக்கேஜுக்கு வரேன். தாமஸ் லம்லி எழுதினது, அவரும் இப்ப ஆக்லாந்துதான். சர்வே டேட்டா வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி இதைக் கத்துக்கணும்னு அடிச்சுச் சொல்வேன். என்எஃப்எச்எஸ்ல ஊரெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆள் எடுக்கல. முதல்ல கிராமம் இல்லேன்னா நகரத்துல ஒரு பிளாக்க எடுத்தாங்க, அதுக்குள்ள 22 வீடு எடுத்தாங்க. ஒரே தெருவுல இருக்கிறவங்க ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவாங்க, ஒரே நர்ஸ் வந்து பார்ப்பாங்க, பக்கத்துல இருக்கிற ஒரே நர்சிங் ஹோமுக்கு ஆட்டோ பிடிப்பாங்க. அந்தத் தெருவுல பத்து பேரைக் கேட்டா பத்து தனித்தனி சேதி கிடைக்காது, நாலஞ்சு பேரோட சேதிதான் கிடைக்கும். அதைச் சொல்லாம சாதாரண லாஜிஸ்டிக் (ஆமா-இல்ல விடைக்கான வழக்கமான மாடல்) ஓட்டினா சாஃப்ட்வேர் பத்தையும் பத்தாவே எண்ணும், கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல், அதாவது உண்மை அளவு எதுக்குள்ள இருக்கலாம்கற எல்லை, ஒல்லியா வரும், பி வேல்யூ எல்லாம் நட்சத்திரமா மின்னும். பாதி தீசிஸ்ல இதைத்தான் பார்க்கறேன்.

ஆள் எப்படி எடுத்தாங்கன்னு இந்தப் பேக்கேஜுக்குச் சொல்ற கட்டளை எஸ்விஒய்டிசைன், அதுல நாலு விஷயம் குடுக்கணும். கிளஸ்டர் (எடுத்த கிராமம் இல்லேன்னா பிளாக்) வி021, ஸ்ட்ராட்டா (ஆள் எடுக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சு வச்ச பகுதி) வி022, வெயிட் (ஒவ்வொருத்தர் பதிலுக்கும் குடுக்கற எடை) வி005, அப்புறம் கிளஸ்டர் ஸ்ட்ராட்டாவுக்குள்ள இருக்குன்னு சொல்ற நெஸ்ட் ஈக்வல் ட்ரூ. வெயிட்டை பத்து லட்சத்தால வகுக்க மறந்துடாதீங்க, ஆறு தசம இடத்தை எடுத்துட்டு முழு எண்ணா ஃபைல்ல போட்டிருக்காங்க, 12,00,000ன்னு இருந்தா அது 1.2. அப்புறம் மாடல் ஓட்டும்போது "நான்-இன்டிஜர் சக்சஸ்"னு ஒரு வார்னிங் வரும், பயந்துடுவாங்க, பைனோமியல்னு போட்டதை குவாசிபைனோமியல்னு மாத்தினா போயிடும், கோஎஃபிஷியண்ட் மாறாது. ஒரு ஸ்ட்ராட்டாவுல ஒரே ஒரு கிளஸ்டர் மிஞ்சினா இன்னொரு எரர் வந்து அப்படியே நிறுத்திடும், அதுக்கு லோன்லி பிஎஸ்யூன்னு ஒரு ஆப்ஷன், அட்ஜஸ்ட்னு வச்சா ஓடும். ஓட வச்சுட்டீங்கன்னா அதை தீசிஸ்ல எழுதவும் செய்யுங்க.

இங்கதான் நான் ரொம்ப நாள் ஒரு தப்பு பண்ணிட்டிருந்தேன். எனக்கு வேண்டியது தமிழ்நாட்டுல கடைசி அஞ்சு வருஷத்துல பிரசவமான பெண்கள் மட்டும்தானேன்னு முதல்லயே மத்தவங்களை வெட்டி எறிஞ்சுட்டு அப்புறம் டிசைன் போடுவேன். கேட்டா சரின்னுதான் தோணும். ஆனா அப்படி வெட்டும்போது பிரசவமே இல்லாத கிளஸ்டர் டேட்டாவை விட்டே காணாமப் போயிடும், அது சாம்பிள்ல இருந்ததுங்கற தகவலும் சேர்ந்து போயிடும், ஸ்டாண்டர்ட் எரர் தப்பா வரும். சரியான முறை, முழு டேட்டாவுக்கு டிசைன் போட்டுட்டு டிசைனை சப்செட் பண்றது. மதிப்பீட்டுல ஒண்ணும் மாறாது, இன்டர்வெல்தான் மாறும், சில சமயம் கொஞ்சம்தான் மாறும், ஆனாலும் அனுப்பியிருந்த ஒரு பேப்பருக்கு நான் திருத்தம் எழுதி அனுப்பினேன்.

அடுத்தது எல்எம்ஈ4ங்கற பேக்கேஜ். டக்ளஸ் பேட்ஸ், மார்ட்டின் மேக்லர், பென் போல்கர், ஸ்டீவ் வாக்கர்னு நாலு பேர் சேர்ந்து பண்ணினது, மல்ட்டிலெவல் மாடலுக்கு, அதாவது ஆள், கிராமம், மாவட்டம்னு பல அடுக்கை ஒண்ணாப் பார்க்கற மாடலுக்கு, உலகம் பூரா நிறைய பேர் இதைத்தான் எடுக்கறாங்க. மல்ட்டிலெவல் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 1950ல ராபின்சன் எழுதின பேப்பர்தான். அமெரிக்காவோட 1930 சென்சஸை எடுத்தார். வெளிநாட்டுல பிறந்தவங்க அதிகமா இருக்கிற மாநிலத்துல எழுதப்படிக்கத் தெரியாதவங்க கம்மி, மாநில அளவுல தொடர்பு மைனஸ் 0.53. அப்ப குடியேறி வந்தவங்க நல்லாப் படிச்சவங்கன்னு முடிவு கட்டலாமா? தனித்தனி ஆளா எடுத்துப் பார்த்தா தொடர்பு ப்ளஸ் 0.12, குடியேறினவங்கள்ல படிக்காதவங்கதான் கொஞ்சம் அதிகம். அவங்க போய்க் குடியேறினது ஏற்கெனவே படிப்பு நல்லா இருந்த மாநிலங்கள்ல, அதான் விஷயம். மாவட்டக் கணக்கை வச்சு வீட்டுக்குள்ள இருக்கிற பொண்ணைப் பத்திப் பேசக்கூடாது, வீட்டுக் கணக்கை மட்டும் வச்சு மாவட்டத்தைப் பத்தியும் பேசக்கூடாது. ரெண்டையும் ஒரே மாடல்ல வைக்கறதுக்குத்தான் ரேண்டம் எஃபெக்ட், ஒவ்வொரு கிராமத்துக்கும் தனியா ஒரு ஏத்த இறக்கம் குடுக்கறது. கோட்ல அது ஒரு அடைப்புக்குறி, ஒண்ணு, நடுவுல ஒரு செங்குத்துக் கோடு, அந்தப் பக்கம் கிளஸ்டர் பேர். இவ்வளவு பெரிய யோசனைய இவ்வளவு சின்ன இடத்துல எழுத முடியுதேன்னு எனக்கு இன்னிக்கும் சந்தோஷம்.

அது என்ன பண்ணுதுன்னு ஒரு உதாரணம். ஒரு கிராமத்துல 22 வீடு எடுத்தா அதுல கடைசி அஞ்சு வருஷப் பிரசவம் மூணுதான் தேறுச்சுன்னு வைங்க, மூணும் சிசேரியன். நூத்துக்கு நூறுன்னு ரிப்போர்ட் எழுதினா அந்த கிராமத்து ஆஸ்பத்திரி மேல பழி விழும். மாடல் அப்படிச் சொல்லாது, மூணு பேரை வச்சு நான் உன்னை முழுசா நம்ப மாட்டேன், மாவட்டச் சராசரிப் பக்கம் கொஞ்சம் தள்ளி நில்லுன்னு இழுத்துடும். முப்பது பிரசவம் இருக்கிற இடத்தை அவ்வளவு இழுக்காது. வீட்டுல புதுசா ஒருத்தர் ஒரு சேதி சொன்னா, நாமளும் ஊர்ல எல்லாரும் என்ன சொல்றாங்கன்னு சேர்த்துத்தானே எடை போடறோம். மாவட்டங்களை வரிசைப்படுத்தி இது முதலிடம் இது கடைசி இடம்னு போடறவங்க இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டாலே போதும்னு தோணும்.

கிராமத்துக்குக் கிராமம் எவ்வளவு வித்தியாசம்னு வேரியன்ஸா, அதாவது சிதறலோட அளவா, ஒரு நம்பர் வரும். லாஜிஸ்டிக்னா அதை அப்படியே படிக்க முடியாது, தனி ஆள் அளவுல இருக்கிற வேரியன்ஸை 3.29னு (π ஸ்கொயரை மூணால வகுத்தது) வச்சுக்கிட்டு, கிராம வேரியன்ஸை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா ஐசிசி, அதாவது கிராமத்தோட பங்கு, வரும். கிராம வேரியன்ஸ் 0.5ன்னா 0.5ஐ 3.79ஆல வகுக்கணும், 0.13, அதாவது மறைஞ்சு கிடக்குற மொத்த வித்தியாசத்துல 13 சதவீதம் கிராமத்தோடது. டாக்டர்களுக்கு மீடியன் ஆட்ஸ் ரேஷியோன்னு சொன்னா இன்னும் சீக்கிரம் புரியுது, அதே 0.5க்கு சுமார் 1.96. ஒரே வயசு, ஒரே வசதி, ஒரே படிப்பு இருக்கிற ரெண்டு பேரை ரெண்டு கிராமத்துல இருந்து எடுத்தா, அதிகமா இருக்கிற கிராமத்துப் பொண்ணுக்கு ஆட்ஸ் பாதி தடவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ இருக்கும்னு அர்த்தம். அம்மாவோட குணங்களை மட்டும் எழுதி முடிச்சிட்ட ஒரு தீசிஸ் எவ்வளவு பெரிய விஷயத்தை வெளிய விட்டுடுச்சுன்னு இந்த ஒரு நம்பர் காட்டிடும்.

குறைகளைச் சொல்லணும். எல்எம்ஈ4ல "கன்வெர்ஜ் ஆகல"ன்னு, அதாவது கணக்கு ஒரு விடையில வந்து நிக்கலைன்னு, வார்னிங் வந்துட்டே இருக்கும், சில சமயம் "சிங்குலர் ஃபிட்"னு வரும். ரெண்டும் வேற. முதல்ல சொன்னதுக்கு வயசு மாதிரி வேரியபிளை ஸ்கேல் பண்ணிப் பாருங்க, ஆப்டிமைசரை, அதாவது விடையைத் தேடற முறையை, போபிகான்னு மாத்திப் பாருங்க, ஆல்ஃபிட்னு ஒண்ணு இருக்கு, எல்லா ஆப்டிமைசரையும் ஓட்டி விடை ஒத்துப்போகுதான்னு காட்டும், ஒத்துப்போச்சுன்னா பெரும்பாலும் பயம் இல்ல. சிங்குலர்னா நீங்க கேட்ட அளவுக்கு டேட்டாவுல சரக்கு இல்லைன்னு அர்த்தம், மாடலைச் சுருக்கணும். வார்னிங்கை மறைச்சுட்டு டேபிளை மட்டும் ஒட்டிக் குடுக்கிறவங்க இருக்காங்க, அதை மட்டும் பண்ணாதீங்க, கேட்டுக்கறேன்.

பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு, இதைத் தெரியாம நிறைய பேப்பர் வந்திருக்கு. எல்எம்ஈ4ல வெயிட்ஸ்னு ஒரு இடம் இருக்கு, வி005ஐ அங்க போட்டா சர்வே வெயிட் சேர்ந்துடுச்சுன்னு நினைக்கறாங்க. சேராது. அது சாம்ப்ளிங் வெயிட்டுக்கான இடமே இல்ல, பைனோமியல் மாடல்ல அதை எத்தனை தடவை முயற்சி நடந்ததுங்கற எண்ணிக்கையா எடுத்துக்கும். சரியாப் பண்ணணும்னா ஒவ்வொரு லெவலுக்கும் தனி வெயிட் வேணும், கிராமம் தேர்வான வாய்ப்பு தனி, கிராமத்துக்குள்ள வீடு தேர்வான வாய்ப்பு தனி, ஆனா வெளியிடற ஃபைல்ல ரெண்டும் பெருக்கின ஒரே வெயிட்தான் இருக்கு. அதைத் தோராயமாப் பிரிக்கிறது எப்படின்னு என்எஃப்எச்எஸ் மாதிரி சர்வேக்களைப் பல நாட்டுல நடத்தின டிஎச்எஸ் ப்ரோக்ராமே ஒரு மெதடாலஜி ரிப்போர்ட் போட்டிருக்கு. பிரிச்ச வெயிட்டோட ஓட்ட ஸ்டேட்டாங்கற (Stata) காசு குடுத்து வாங்குற மென்பொருள்ல வழி நேரா இருக்கு, 'ஆர்'ல வீமிக்ஸ்னு ஒரு பேக்கேஜ் பண்ணும், லம்லியோட எஸ்விஒய்எல்எம்ஈயும் இருக்கு, ஆனா எல்எம்ஈ4 அளவுக்கு எதையும் சுலபமாக் கையில எடுக்க முடியல. இந்த ஒரு விஷயத்துல காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் முன்னாடி நிக்குது, ஒத்துக்கறேன்.

நான் இப்ப பண்றது, ஆராய்ச்சிக் கேள்வி "தமிழ்நாட்டுல எவ்வளவு"ன்னா சர்வே பேக்கேஜ், "இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுது"ன்னா மல்ட்டிலெவல், ரெண்டாவதுல வெயிட்டை உருவாக்கின விஷயங்களை, நகரமா கிராமமா, எந்த மாவட்டம்கறதை, மாடலுக்குள்ளயே சேர்த்துடறது. ரெண்டுலயும் வர்ற ஆட்ஸ் ரேஷியோ ஒண்ணா இருக்கணும்னு எதிர்பார்க்காதீங்க. சர்வே பேக்கேஜ் குடுக்கறது மொத்த ஜனங்களுக்கான சராசரி, எல்எம்ஈ4 குடுக்கறது ஒரே கிராமத்துக்குள்ள வச்சு ஒப்பிடறது, ரெண்டாவது பொதுவா 1ங்கற நம்பரை (வித்தியாசமே இல்லைன்னு அர்த்தம்) விட்டு இன்னும் கொஞ்சம் தூரத்துலதான் நிக்கும், கிராமத்துக்குக் கிராமம் வித்தியாசம் கூடக் கூட அந்தத் தூரமும் கூடும். வைவாவுல இதைக் கேட்டுப் புள்ளைங்க முழிக்கறதைப் பார்த்திருக்கேன், யாரும் சொல்லித் தரலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க.

மிஸ்ஸிங் டேட்டா பத்தி ஒரு வார்த்தை. ஒரு ஆளுக்கு ஒரே ஒரு பதில் விட்டுப் போயிருந்தாலும் 'ஆர்' அந்த ஆளையே மாடல்ல இருந்து எடுத்துடும், கேக்காது, சம்மரி கடைசியில சின்னதா இத்தனை பேரை நீக்கியாச்சுன்னு ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த வரியைப் படிக்கப் பழகிக்கோங்க. மாடல் ஒண்ணுல ஆறாயிரம் பேர், மாடல் ரெண்டுல நாலாயிரத்து சொச்சம் பேர் இருந்துட்டு கோஎஃபிஷியண்ட் மாறிடுச்சுன்னு ரெண்டு பக்கம் விளக்கம் எழுதியிருந்தாங்க ஒரு தீசிஸ்ல, மாறினது ஜனங்கதான். மைஸ்னு ஒரு பேக்கேஜ், நெதர்லாந்து ஸ்டெஃப் வான் பியூரன் எழுதினது, மல்ட்டிபிள் இம்ப்யூட்டேஷனுக்கு, அதாவது விட்டுப் போன பதிலைப் பல தடவை மதிப்பிட்டு நிரப்பறதுக்கு, நல்லா இருக்கு.

இவ்வளவு இருந்தும் இந்த மென்பொருளால முடியாத ஒண்ணு உண்டு, எந்த மென்பொருளாலயும் முடியாது. தனியார் ஆஸ்பத்திரிதான் சிசேரியனுக்குக் காரணமான்னு இந்த டேட்டா சொல்லாது. வசதியானவங்க, வயசு கூடினவங்க, ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆனவங்க தனியாருக்குப் போகலாம், அதே சமயம் ரொம்ப சிக்கலான கேஸைக் கடைசி நேரத்துல அரசு மெடிக்கல் காலேஜுக்குத்தான் அனுப்புவாங்க, ரெண்டு பக்கமும் இழுக்குது. எதை மாடல்ல சேர்க்கணும் எதைச் சேர்க்கக் கூடாதுன்னு முடிவு பண்றது பேறுகாலம் தெரிஞ்சவங்க வேலை. காரணம் கண்டுபிடிக்கணும்னா எப்படின்னு நம்ம சென்னையே உலகத்துக்குக் காட்டியிருக்கு. 1956ல மெட்ராஸ்ல காசநோய் கீமோதெரபி சென்டர் ஆரம்பிச்சு, நோயாளிகளை ரேண்டமாப் பிரிச்சு பாதிப் பேருக்கு வீட்டுல வச்சும் பாதிப் பேருக்கு சானடோரியத்துல வச்சும் ஒரே மருந்து குடுத்தாங்க. வீட்டுல சாப்பாடும் ஓய்வும் கம்மி, இடநெருக்கடி, ஆனாலும் குணமாகுறதுல பெரிய வித்தியாசம் இல்லைன்னு வந்துச்சு, கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால ஆபத்து கூடல. சானடோரியம் கட்டிட்டுத்தான் வைத்தியம்னு இருந்த நினைப்பே மாறிடுச்சு. அவங்களுக்கு இந்த மாதிரி மாடல் எதுவும் தேவைப்படல, முன்னாடியே சரியாப் பிரிச்சதால சதவீதத்தை வச்சு ஒப்பிட்டாலே போதுமா இருந்துச்சு. அந்த இடம்தான் இன்னிக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டுல இருக்கு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

வரைபடத்துக்கு ஜிஜிப்ளாட்2ன்னு ஒரு பேக்கேஜ், அதைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. தமிழ்ல மாவட்டப் பேர் போடணும்னா மட்டும் ஒரு குறிப்பு, சாதாரணமா பிடிஎஃப்ல சேமிச்சா எழுத்து வராது, ராக்னு ஒரு பேக்கேஜ் வழியா பிஎன்ஜியா சேமிச்சா கொம்பும் காலும் சரியான இடத்துல வருது. கிராம சுகாதார நர்ஸ்களுக்கான ஒரு கூட்டத்துக்குத் தமிழ்ப் பேர் போட்ட மேப் கொண்டு போனேன், இங்கிலீஷ் மேப்புக்கு வராத கேள்வி எல்லாம் அன்னிக்கு வந்துச்சு.

யாருக்கு வேணாம்? முப்பது பேர் டேட்டா, ரெண்டு குழுவோட சராசரிய ஒப்பிடற ஒரே ஒரு டி டெஸ்ட், அடுத்த வாரம் சப்மிஷன்னா இதைத் தொடாதீங்க, ஜமோவி போட்டுக்கோங்க, அதுவும் இலவசம், மெனு இருக்கு, உள்ள ஓடறது 'ஆர்'தான். ரெண்டு மாசம் டைம் இருக்கிறவங்க, சர்வே டேட்டா எடுக்கிறவங்க, பிஎச்டி பண்றவங்க கண்டிப்பா இதுக்கு வாங்க. கத்துக்க முதல்ல ஸ்வர்ல்னு ஒரு பேக்கேஜ், 'ஆர்'க்குள்ளயே பாடம் நடத்தும். மல்ட்டிலெவலுக்கு பிரிஸ்டல் யுனிவர்சிட்டியோட லெம்மா கோர்ஸ், இலவசம், பொறுமையா முதல்ல இருந்து சொல்லித் தருவாங்க, அதே பாடத்துக்கு 'ஆர்'லயும் பயிற்சி வச்சிருக்காங்க. காசு கட்டி நான் போன ஒரு வீக்எண்ட் வொர்க்‌ஷாப்ல ரெண்டு நாளும் ஸ்லைடுல இருந்த கோடை டைப் பண்ணதுதான் மிச்சம், ஒருத்தரும் எங்க கேள்வி என்னன்னு கேக்கல, அதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

எங்க டிபார்ட்மெண்ட்ல இப்ப ஒரு பென்டிரைவ் வச்சிருக்கோம், இன்ஸ்டாலர், இருபது பேக்கேஜ், நான் தமிழ்ல குறிப்பு எழுதின ஒரு ஸ்க்ரிப்ட், ஹாஸ்டல் வைஃபை சரியில்லாத புள்ளைங்க வாங்கிட்டுப் போவாங்க. அந்த சிசேரியன் தீசிஸ் பொண்ணு வாங்கிட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில திரும்ப வந்தாங்க, கேள்வி ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருந்தாங்க, முதல் கேள்வி, "மேடம், முன்னாடியே சிசேரியன் ஆனவங்களையும் முதல் பிரசவக்காரங்களையும் ஒரே மாடல்ல வைக்கலாமா?" அதுக்கு உட்கார்ந்து பேசினதுல ஓபி டைம் வந்துடுச்சு, மிச்சத்தை சாயங்காலம் பார்க்கலாம்னு சொல்லி அனுப்பினேன்.